வெங்கட்ராமன் போனதற்கு ஒரு வினைச்சொல்

எங்காத்துக்காரர் எழுந்து போனது ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். சொசைட்டி மீட்டிங் நடுவில. மீட்டிங்கும் எங்காத்து ஹால்லதான். மொட்டை மாடித் தண்ணி டாங்க் ஒழுகறது. ஒழுகித்துன்னா கொத்தனாரைக் கூப்பிட்டு அடைக்கணும், அவ்வளவுதானே? எங்க பில்டிங்ல அதெல்லாம் நடக்காது. அதை மினிட்ஸ்ல 'லீக்கேஜ்'னு எழுதறதா, 'சீபேஜ்'னு எழுதறதான்னு முதல்ல தீர்மானம் ஆகணும். அதுக்காகப் பெரிய மனுஷா உக்காந்து மண்டையை உடைச்சுண்டிருந்தா. நான் உள்ள வாழைக்காய் பஜ்ஜி போட்டுண்டிருந்தேன்.

பாலிகஞ்ச்ல இருக்கற இந்தக் காவேரி கோஆபரேட்டிவ் சொசைட்டியைக் கட்டினது பூரா தமிழாள். பாங்க்ல, கம்பெனில, சர்க்கார்ல ஆபீசரா இருந்தவா. அவா தாத்தாக்கள் ஷார்ட்ஹேண்டும் டைப்பிங்கும் பாஸ் பண்ணிட்டு ஹௌராவில வந்து எறங்கினவா. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிண்டு போயே எத்தனையோ காலமாச்சு. அவனுக்கு டிராஃப்ட் எழுதின கை மட்டும் பரம்பரையா இன்னும் அரிச்சுண்டேயிருக்கு. எங்க மாடிப்படியில 'செருப்பை ஓரமா விடவும்'னு ஒட்டியிருக்கற நோட்டீஸ் அஞ்சு தடவை திருத்தப்பட்டது. அதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள செருப்பு தேஞ்சுடும்.

இதுல எங்காத்துக்காரர் ராஜா. ஒரு சணல் கம்பெனில எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவர். சொல்லாம கொள்ளாம வேலையை விட்டுட்டுப் போற ஆளுக்கெல்லாம் நோட்டீஸ் எழுதறதுதான் அவர் உத்தியோகம். 'நீ ஓடிட்டே'ங்கறதை இங்கிலீஷ்ல எத்தனை விதமா சொல்லலாமோ அத்தனையும் தெரியும். அவர் நோட்டீஸைப் படிச்சுட்டு ஓடினவனே திரும்பி வந்து அர்த்தம் கேட்டிருக்கான்னு ஆபீஸ்ல பெருமையாச் சொல்லுவா. சொசைட்டிக்கும் அவர்தான் செக்ரட்டரி. மினிட்ஸ் அவர் கை.

நான் பஜ்ஜித் தட்டோட ஹாலுக்கு வந்தேன். அவர் நாற்காலி காலி. பேனாவுக்கு மூடி போட்டு பேப்பர் மேல வெச்சிருந்தது. "எங்கே இவர்?"னேன்.

"பாத்ரூமா இருக்கும்"னார் பிரசிடென்ட் சந்தானம் மாமா, தலையைத் தூக்காமலே.

பாத்ரூம்ல இல்லை. பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். எதிர்சாரியில பான் கடை வாசல்ல நின்னுண்டிருந்தார். வெத்தலை வாங்கறார்னு நெனைச்சேன். அடுப்புல எண்ணெய் புகைய ஆரம்பிச்சுடுத்து, உள்ள வந்துட்டேன்.

மீட்டிங் முடிஞ்சது. 'சீபேஜ்' ஜெயிச்சது. இவர் வரலை. போன் மேஜை மேலயே கிடந்தது. பர்ஸ் மட்டும் எப்பவும் போல சட்டைப் பையில போயிருக்கு. எல்லாரும் கிளம்பறச்சே வாசல்ல ஒரு கூச்சல். சந்தானம் மாமாவோட புதுச் செருப்பைக் காணோம். எங்காத்துக்காரரோட ரப்பர் செருப்பு அங்கேயே இருந்தது.

"மாத்திப் போட்டுண்டு போயிட்டார் போலிருக்கு"ன்னார் மாமா. புருஷனைக் காணோம்னு நான் தவிச்சுண்டு நிக்கறேன், அவருக்குச் செருப்பு கவலை.

ராத்திரி பூரா கண்ணைக் கொட்டலை. விடிஞ்சதும் கீழ் வீட்டு மிதாலி பௌதியைக் கூட்டிண்டு தானாவுக்கு, அதான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பௌதின்னா அண்ணின்னு அர்த்தம். இந்த ஊர்ல பக்கத்தாத்துக்காரி எல்லாருமே அண்ணிதான். ஸ்டேஷன்ல டியூட்டில இருந்தவரை எல்லாரும் மெஜோபாபுன்னு கூப்பிட்டா. பெரியவருக்கு அடுத்தவர். நல்ல மனுஷன், டீ வாங்கிக் குடுத்தார். நான் எனக்குத் தெரிஞ்ச பெங்காலில சொன்னேன். "வீட்டுக்காரர் வெளில போனார், திரும்பி வரலை." அவரும் அதையே பெங்காலில ஒரு வரி எழுதிண்டார். போட்டோ வாங்கிண்டார். "பயப்படாதீங்கோ மாஷிமா, எல்லா ஆஸ்பத்திரிக்கும் சொல்லி விசாரிக்கறேன்"னார். எனக்கு மூச்சு வந்தது.

ஆத்துக்கு வந்தா கேட்லயே சந்தானம் மாமா நிக்கறார். கூடவே சிவராம் மாமா. ரெண்டாவது மாடி. ரிட்டயர்ட் ஆடிட் ஆபீசர், கக்கத்துல டிக்‌ஷனரி இல்லாம வெளில வரமாட்டார்.

"கம்ப்ளெயின்ட் குடுத்துட்டியாமே விசாலம்? டிராஃப்ட் இல்லாமயா?"

"வாயால சொன்னேன் மாமா. எழுதிண்டார்."

"என்னன்னு?"

"வெளில போனார், வரலைன்னு."

சந்தானம் மாமா நெத்தில அடிச்சுண்டார். "வெங்கட்ராமன் யாரு? சொசைட்டியோட செக்ரட்டரி. எப்போ போனார்? மீட்டிங் நடக்கறச்சே. அப்போ கம்ப்ளெயின்ட் சொசைட்டி லெட்டர்ஹெட்ல போகணுமா இல்லையா? 'வெளில போனார்'னு எழுதினா அவனவன் காய்கறி வாங்கப் போயிருக்கான்னு நெனைச்சுப்பான். நாளைக்கு ஹையர் அத்தாரிட்டி பார்த்தா நம்மளைப் பத்தி என்ன நெனைப்பா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தானாவுக்கே போன் போட்டு, இது தற்காலிகக் கம்ப்ளெயின்ட், முறையான டிராஃப்ட் பின்னாடி வரதுன்னு சொல்லிட்டார். கடங்காரன்!

அன்னிக்கு மத்தியானமே கமிட்டி கூடித்து. எங்கேன்னு கேக்கணுமா? எங்காத்து ஹால்லதான். இளைஞர் பிரதிநிதின்னு சைதன்யாவும் வந்தா. கோயம்புத்தூர்க்காரி. நியூ டவுன்ல ஒரு கம்பெனில வேலை, மேல் மாடில வாடகைக்கு இருக்கா. வீட்லேர்ந்தே வேலைங்கறதால மடியில லாப்டாப்பை வெச்சுண்டே உக்காந்தா. டிராஃப்டோட முதல் வரி மளமளன்னு ஆயிடுத்து. நாள், இடம், அவர் பேரு, பதவி எல்லாம் போட்டாச்சு. அதுக்கப்புறம் அவர் என்ன பண்ணினார்ங்கற இடத்துல வண்டி நின்னுடுத்து.

"'லெஃப்ட்'னு போடுங்கோளேன்"னேன் நான்.

சிவராம் மாமா என்னைப் பரிதாபமாப் பார்த்தார். "லெஃப்ட்னா சாவகாசமாப் போறது மாமி. இவர் திடீர்னு போனார். அந்தத் திடீர் எங்கே இருக்கு அதுல?"

"அப்போ 'டிபார்ட்டட்'?"னார் சந்தானம் மாமா.

"யோவ்!"னு கத்தியே விட்டேன். மாமாவை யோவ்னு சொன்னது அன்னிக்குத்தான் முதல் தடவை. டிபார்ட்டட்னு பேப்பர்ல போட்டோவோட போடறது எனக்குத் தெரியாதா? என் நெத்தில குங்குமம் இருக்கறது இவா கண்ணுக்குத் தெரியலையா?

'டிஸப்பியர்ட்'னா மேஜிக் ஷோ மாதிரி இருக்காம். 'போல்ட்'ங்கறது குதிரைக்காம். 'ஃபிளெட்'னா பின்னாடி யாராவது துரத்தணுமாம். 'எலோப்'னு ஆரம்பிச்ச சிவராம் மாமா என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "அதுக்கு இன்னொருத்தர் வேணும்"னு முழுங்கிட்டார்.

"எங்க ஆபீஸ்ல சிம்பிள் அங்கிள்"னா சைதன்யா. "சொல்லாம வேலையை விட்டு நின்னா 'அப்ஸ்காண்டிங்'. சிஸ்டமே மெயில் அனுப்பிடும். மெயில் போன அப்புறம் அந்தப் பேரை யாரும் பேசவே மாட்டோம். அடுத்த வாரம் அந்தச் சீட்ல வேற ஆளு."



"அப்ஸ்காண்ட்!" சந்தானம் மாமா வெல்லக்கட்டியை வாயில போட்டுண்ட மாதிரி சொல்லிப் பார்த்தார். "கனமான வார்த்தை. ஆனா அதுக்குக் குத்தம் பண்ணிட்டு ஒளியணும் இல்லையோ?"

"ஒளிஞ்சாப் போறும், குத்தம் வேண்டாம்"னார் சிவராம் மாமா.

"ரெண்டும் வேணும்."

ஒரு மணி நேரம் அடிச்சுண்டா. கடைசில சிவராம் மாமா டிக்‌ஷனரியை மூடிட்டுப் பெருமூச்சு விட்டார். "இதெல்லாம் வெங்கட்ராமன் சப்ஜெக்ட். அவர் இருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவார்." எல்லாரும் தலையைக் குனிஞ்சுண்டா. அவர் போனதுக்கு அந்தக் கமிட்டி வருத்தப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

மறுநாள் கமிட்டி உக்காந்திருக்கறச்சே மெஜோபாபு வந்தார். ஏதோ தகவல் கொண்டு வந்திருக்கார்னு ஓடினேன். ஆஸ்பத்திரி எதுலயும் இல்லை, அது நல்ல சேதின்னார். அப்புறம் தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுண்டு, தயங்கித் தயங்கி, "நேத்து மாமா போன்ல கேட்டாரே, அந்த வார்த்தை விஷயமா நானும் ராத்திரி யோசிச்சேன்"னார். அவருக்கும் தொத்திடுத்து! காலேஜ்ல இங்கிலீஷ் ஆனர்ஸாம். "போலீஸ் பாஷைல இதுக்கு ஒரு நல்ல வார்த்தை இருக்கு. டீகேம்ப்."

சந்தானம் மாமா எழுந்தே நின்னுட்டார். "பிரமாதம்!"

"ஆனா நாங்க டீகேம்ப்னு எழுதினா, எதைத் தூக்கிண்டு போனார்னு அடுத்தாப்ல கேள்வி வரும். திருடன் நகையோட டீகேம்ப், டிரைவர் வண்டியோட டீகேம்ப். வெறுங்கையோட போனவனுக்கு நான் இதுவரைக்கும் எழுதினதில்லை."

"செருப்பு!"னு கத்தினார் சந்தானம் மாமா. "என் செருப்பு! புதுசு!"

அந்த மனுஷன் மூஞ்சில அப்படியொரு சந்தோஷம். மெஜோபாபு ரொம்ப நாசூக்கா, ஒரு ஜோடிச் செருப்பு போறாது, அலமாரியில வேற ஏதாவது குறையறதான்னு பார்த்துடலாமேன்னார். நானும் திறந்தேன். எனக்கும் பார்க்கணும் போல இருந்தது.

எல்லாம் இருந்தது. வேஷ்டி மடிச்ச மாதிரியே இருந்தது. ஸ்வெட்டர், குடை, பேங்க் பாஸ்புக், பி.பி. மாத்திரை, பூணூல் கட்டு, நாங்க ரெண்டு பேரும் புரி ஜகன்னாதரைப் பார்க்கப் போனப்போ எடுத்துண்ட போட்டோ. ஒரு கர்சீப் கூடக் குறையலை. "ஒண்ணும் எடுத்துக்கலையே"ன்னு மெஜோபாபு ஏமாற்றமாச் சொன்னார். எதையும் எடுத்துக்காதவர் திரும்பி வந்துடுவார்னு வெச்சுக்கறதா? இல்லை, இங்கே இருக்கற எதுவும் வேண்டாம்னு போயிட்டார்னு வெச்சுக்கறதா? கட்டில்ல உக்காந்து அழுதேன். இவா வார்த்தை எதுவும் எனக்கு வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். இந்த மனுஷன் மீட்டிங்கை விட்டுப் போனாரா, என்னை விட்டுப் போனாரா?

ஹால்ல, செருப்பை எடுத்துண்டு போனது வேணும்னேவா, தெரியாமலான்னு விவாதம் போயிண்டிருந்தது.

அதுக்கடுத்த நாள் சாயங்காலம் கடைசி டிராஃப்டுக்குக் கமிட்டி உக்காந்தது. வாட்ஸப்ல அதுக்குள்ள பன்னெண்டு டிராஃப்ட் ஓடியிருந்தது. மெஜோபாபு டியூட்டி முடிச்சுட்டு மப்டில வந்திருந்தார். மிதாலி பௌதி எனக்குத் துணைக்கு உக்காந்திருந்தா. எங்க கேட் காவல்காரன், தர்வான் ராம்பிலாஸைச் சாட்சியா வாசல்ல நிக்க வெச்சிருந்தா. "இன்னிக்குக் காபி கிடையாது"ன்னு நான் முதல்லயே சொல்லிட்டேன். யாரும் காதுல போட்டுக்கலை.

"சரி, 'அப்ஸ்காண்டட்'னே இருக்கட்டும். கைதூக்குங்கோ"ன்னார் சந்தானம் மாமா.

"அப்ஸ்காண்ட் வராது"ன்னு வாசல்லேர்ந்து ஒரு குரல்.

எங்காத்துக்காரர்! மூணு நாள் தாடி. சட்டையெல்லாம் கசங்கி, கால்ல சந்தானம் மாமா செருப்பு, அதுல ஒரே சேறு. எல்லாரும் வாயைப் பொளந்துண்டு பார்க்கறா. இவர் பாட்டுக்கு உள்ள வந்தார். தன் நாற்காலில உக்காந்தார். டிராஃப்டை இழுத்தார். பேனாவை எடுத்து மூடியைக் கழட்டினார்.

"அப்ஸ்காண்ட்னா பிடிபடாம இருக்கணும்ங்கற எண்ணம் இருக்கணும். அந்த எண்ணத்தை நிரூபிக்கற பொறுப்பு உங்களோடது. நான் ஒளியவே இல்லையே, டயமண்ட் ஹார்பர்ல ஆத்தங்கரையில எல்லாரும் பார்க்க பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். டீகேம்ப்னா முகாமைக் கலைக்கறதுன்னு ஆரம்பிச்ச வார்த்தை. ஒத்தை ஆளு..."

"அதேதான் நான் சொன்னேன்!"னார் சிவராம் மாமா. உடனே நாலு தலையும் அந்தப் பேப்பர் மேல கவிஞ்சுடுத்து. வந்தவரை வான்னு ஒருத்தர் கேக்கலை. அவரும் என்னைத் திரும்பிப் பார்க்கலை.

எனக்கு எங்கேர்ந்துதான் வந்ததோ. போய் அந்தப் பேப்பரை அவர் கையிலேர்ந்து பிடுங்கினேன். "நிறுத்துங்கோ! மூணு நாளா நான் செத்துப் பொழைச்சிருக்கேன். இங்க வந்து உக்காந்துண்டு வார்த்தைக்கு அர்த்தம் சொல்றேளா? என்னை விட்டுட்டுப் போனேளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கோ. தமிழ்ல சொல்லுங்கோ!"

சைதன்யா லாப்டாப்பை மூடிட்டா.

அவர் பேனாவைக் கீழ வெச்சார்.

"நான் போகணும்னே போகலை"ன்னார். "அன்னிக்கு 'அந்த டாங்கை அடைச்சுடலாமே'ன்னு சொன்னேன். ஒருத்தர் காதுலயும் விழலை. ரெண்டாவது தடவை சொன்னேன். மூணாவது தடவை சொல்லலை, எழுந்து நின்னேன். ஏன் நிக்கறேன்னு யாரும் கேக்கலை. கதவைத் திறந்தேன். எங்கேன்னு யாராவது கேட்டா உக்காந்திருப்பேன். சரி, படி எறங்கினா யாராவது கூப்பிடுவான்னு எறங்கினேன். மெதுவாத்தான் எறங்கினேன். கால்ல வேற யாரோட செருப்போ, கடிக்கறது. திரும்பி வந்து மாத்திண்டா போனதாவே ஆகாதேன்னு வீம்புல நடந்தேன். பான் கடை வாசல்ல நின்னேன். நீ பால்கனிக்கு வந்தே. பார்த்தே. இப்போ கூப்பிடுவா, இப்போ கூப்பிடுவான்னு நின்னேன். நீ உள்ள போயிட்டே. ஸ்டேஷன் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துண்டே போனேன். வர ரயிலையெல்லாம் விட்டுட்டு நின்னேன். ஒருத்தரும் வரலை. அப்புறம் ஒரு ரயில்ல ஏறிட்டேன். ஏறின அப்புறம் எப்படித் திரும்பி வரதுன்னு தெரியலை விசாலம்."

"எண்ணெய் காஞ்சுண்டிருந்தது"ன்னேன். அதுவும் நெஜம்தான். ஆனா அது மட்டும் காரணம் இல்லை. "அதோட, வெளில கிளம்பினவாளை எப்படிப் பின்னாலேர்ந்து கூப்பிடறது? போற காரியம் கெட்டுடாதோ? எங்கம்மா அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்திருக்கா."

"அதானே!"னார் சந்தானம் மாமா. "கதவைத் திறந்தப்போ நானும்தான் பார்த்தேன். போறவாளைப் போய் எங்கேன்னு கேப்பாளா? அபசகுனம்."

"பாத்ரூம்னேளே!"ன்னு அவர் மேல பாய்ஞ்சேன்.

"ஒரு மரியாதைக்குச் சொன்னேன்."

சிவராம் மாமாவும் பார்த்திருக்கார். அவர் கிளம்பறாரேன்னு வந்த தும்மலைக் கூட அடக்கிண்டாராம். மிதாலி பௌதிக்கு நாங்க பேசினது பாதி புரிஞ்சிருக்கு. அவ என் தோளைத் தொட்டு, "நானும் மாடிப்படியில பார்த்தேன். பின்னாடி கூப்பிடக் கூடாதேன்னு கதவைச் சாத்திண்டேன்"னா. பெங்காலிலயும் அதே சாஸ்திரமாம். வாசல்லேர்ந்து ராம்பிலாஸ், எங்க பீகார்லயும் போறவரைப் பின்னாலேர்ந்து கூப்பிட மாட்டோம், அதான் சலாம் வெச்சுட்டு வாயை மூடிண்டு நின்னேன்னான். தேசமே ஒத்துமையா இருக்கற விஷயம் இது ஒண்ணுதான் போலிருக்கு. ஒரு மனுஷன் யாராவது கூப்பிட மாட்டாளான்னு படி படியா நின்னு நின்னு போயிருக்கார். பில்டிங் பூரா பார்த்துண்டிருந்திருக்கு. அவர் நன்னாயிருக்கணும்னு ஒருத்தரும் வாயைத் திறக்கலை.

மெஜோபாபு மூக்கைச் சிந்திண்டார்.

"அப்போ அவர் போகவே இல்லை"ன்னார் சிவராம் மாமா மெதுவா. "காத்துண்டுதான் இருந்திருக்கார். 'வெயிட்டட்'னு போடணும். ஆனா டயமண்ட் ஹார்பர்ல போய் வெயிட் பண்ணினார்னா..."

"எழுந்திருங்கோ"ன்னேன். சிவராம் மாமாவை இல்லை, என் ஆத்துக்காரரை.

"எங்கே?"

"கீழே போங்கோ. அந்தப் பான் கடை வரைக்கும்."

"இப்பத்தானே வந்தேன் விசாலம்! கால் வலிக்கறது."

"போங்கோன்னா போங்கோ!"

பயந்துண்டே எழுந்தார். வாசல்ல தன்னோட ரப்பர் செருப்பை மாட்டிண்டார். படி எறங்கற சத்தம் தேஞ்சு தேஞ்சு கேட்டது. நான் பால்கனிக்குப் போனேன். பின்னாடியே மொத்தக் கமிட்டியும் வந்து நெருக்கியடிச்சுண்டு நின்னது. கீழ மனுஷன் கேட்டைத் தாண்டி வெளில வந்தார். தெருவைக் குறுக்க கடந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிண்டு, தலையைத் தொங்கப் போட்டுண்டு நடந்தார். முதுகு கூனியிருந்தது. இது எப்போ கூனித்துன்னு எனக்குத் தெரியாது.

கூப்பிடணும். என்னன்னு கூப்பிடறது? இத்தனை வருஷமா 'ஏன்னா'ன்னுதான் கூப்பிட்டிருக்கேன். கொஞ்சம் உரக்கச் சொன்னா 'இங்க பாருங்கோ'. ஆட்டோவும் பஸ்ஸும் அலர்ற இந்தத் தெருவில ஏன்னான்னா எவர் காதுல விழும்? கட்டினவர் பேரை வாய்விட்டுச் சொல்லப்படாதுன்னும் எங்கம்மா அடிச்சுத்தான் சொல்லிக் குடுத்திருக்கா. கோயில்ல அர்ச்சனைக்குக் கூட அவரே சொல்லிப்பார். நான் கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுண்டேன்.

"வெங்கட்ராமன்!"

பக்கத்துல மிதாலி பௌதி ஐயோன்னு வாயைப் பொத்திண்டா. ஒரு ரிக்‌ஷாக்காரன் வண்டியை நிறுத்திட்டு மேல பார்த்தான். எதிர் வீட்டு ஜன்னல் ரெண்டு திறந்தது. சந்தானம் மாமா வெலவெலத்துப் போய் ஓரடி தள்ளி நின்னார்.

அவர் நின்னார். ஆனா திரும்பலை. பான் கடைக்கு எதிர்ல முதுகைக் காட்டிண்டு அப்படியே நின்னுண்டிருந்தார்.

"காது கேக்கலையோ?"ன்னா சைதன்யா.

கேட்டிருக்கு. எனக்குத் தெரியும். மனுஷனுக்கு இன்னொரு தடவை வேணும்.

"வெங்கட்ராமன்! உங்களைத்தான்! ஆத்துக்கு வாங்கோ!"

தொண்டை கிழிஞ்சு போச்சு. அப்பத்தான் திரும்பினார். வரத்தான் காலெடுத்து வைக்கறார், ஆனா வழி தெரியலை, கண்ணைத் துடைச்சுண்டு துடைச்சுண்டு நடுத்தெருவிலேயே நின்னுட்டார். ராம்பிலாஸ் ஓடிப் போய்க் கையைப் பிடிச்சு அழைச்சுண்டு வந்தான்.